பெஞ்சுக்கு அந்தப் பக்கம் ஒரு கால்

பூபாலன் ஒரு பெஞ்சின்மேல் குதிரை ஏறியவனைப் போல நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்த கதையை எங்கள் அடுக்ககத்தில் ஏழு விதமாகச் சொல்கிறார்கள். உண்மைக்கு மிக அருகில் இருப்பது என்னுடையதுதான். மற்றவர்கள் அந்த நாற்பது நிமிடத்தை இரண்டு மணி நேரம் ஆக்கிவிட்டார்கள். நான் ஐம்பதுக்கு மேல் போனதே இல்லை.

பூபாலனுக்கு நாற்பத்தாறு வயது. கோபிசெட்டிபாளையத்துக்காரன். பத்தொன்பது வருடமாக ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. குப்பிகளில் மருந்து நிரப்பும் அறைக்கு அவன்தான் மேற்பார்வை. சிந்தாலில் எங்கள் எதிர் வீடு. எழுதிவைக்காத எந்த வேலையையும் நடந்ததாக ஒத்துக்கொள்ளாத ஆள். பால்காரர் வராத நாளைக்கூடக் காலண்டரில் மணியோடு குறித்துவைப்பான்.

அந்த மருந்து அறைக்குள் நுழைவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் உடை மாற்றும் அறை. அதன் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, முழங்கால் உயரத்துக்கு எஃகு பெஞ்சு. பெஞ்சுக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி, அதற்குச் சுத்தமான உறை மாட்டி, அந்தப் பக்கம் வைக்க வேண்டும். பிறகு மற்றக் கால். உறை போட்ட கால் இந்தப் பக்கம் படக்கூடாது, போடாத கால் அந்தப் பக்கம் படக்கூடாது. அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது.

அந்தத் திங்கட்கிழமை காலை பூபாலன் வலது காலை அந்தப் பக்கம் வைத்தான். இடது காலைத் தூக்கினான். இடுப்பில் ஏதோ ஒன்று சுருக்கென்று பிடித்தது. அவ்வளவுதான். கால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூச்சு விட்டால்கூட வலி.

வெளியே இருந்தவர்கள் கதவைத் திறந்து ஓடி வந்தார்கள்.

"ஷூவோட வராதீங்க!" என்று கத்தினான் பூபாலன்.

அவர்கள் அப்படியே வாசலில் நின்றார்கள். வெளிக்கதவு திறந்திருந்ததால் உள்ளே இருந்தவர்களுக்கு உள்கதவு திறக்கவில்லை. அவர்கள் கண்ணாடி வழியாகக் கை ஆட்டினார்கள். யார் எந்தப் பக்கத்திலிருந்து அவனைத் தூக்குவது என்பதற்கு அவன் கையாலேயே எழுதிய விதிப்புத்தகத்தில் வழி இல்லை.

"மொதல்ல எழுதுங்க. விதி மீறுறதுக்கு முன்னாடி காரணம் எழுதோணும்" என்றான், கண்ணில் தண்ணீர் வழிய.

எழுதினார்கள். மூன்று பக்கம். நான் சொல்லும்போது ஒன்பது பக்கம் என்பேன், ஆனால் அதில் கடைசி இரண்டு வரைபடங்கள். அதன்பிறகுதான் நான்கு பேர் சேர்ந்து அவனை அழுக்குப் பக்கமாக இறக்கினார்கள்.

எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்தார். முதுகுத்தண்டின் கீழே ஒரு தட்டு பிதுங்கி நரம்பைத் தொடுகிறது, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, பயிற்சியும் பொறுமையும் போதும் என்றார். கதவு வரை போனவனை மறுபடி கூப்பிட்டு, "கால் மரத்துப்போனா, பலம் குறைஞ்சா, அன்னிக்கே வந்துடணும்" என்றும் சொன்னார். பூபாலன் அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டான்.

சிக்கல் தொழிற்சாலையில் இருந்தது. அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அதற்கு முன் ஒவ்வொருவரும் அந்த உடை மாற்றும் அறையில் தப்பில்லாமல் உடை மாற்றி, பெஞ்சைத் தாண்டிக் காட்ட வேண்டும். பூபாலனுக்கான தேதி அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, பதினோரு மணி. தாண்டாவிட்டால் அறை வேறொருவர் கைக்குப் போகும். அவன் பின்கட்டில் இருக்கும் பேக்கிங் ஹாலுக்குப் போக வேண்டும்.

பேக்கிங் ஹால் என்றால் அவனுக்குக் கசப்பதற்குக் காரணம் பழனிசாமி. அவனும் கோபிக்காரன்தான், ஐம்பத்திரண்டு வயது. இரண்டு குடும்பமும் பொங்கலுக்கு ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போகும். முன்பு மருந்து அறையில் மணிக்கொரு தடவை காற்றழுத்த மீட்டரைப் பார்த்து எழுதுவது பழனிசாமியின் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், நாலு மணிக்கு எழுத வேண்டியதை மூன்று மணிக்கே எழுதி வைத்திருந்தான். பூபாலன் பார்த்துவிட்டான்.

"எப்படியும் அதே நம்பர்தானுங்க வரப்போவுது" என்று மட்டும் சொன்னான் பழனிசாமி.

பூபாலன் மேலிடத்துக்கு எழுதினான். பழனிசாமி பேக்கிங் ஹாலுக்குப் போனான். ஒரே பொங்கல் பஸ் இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு பஸ் ஆனது.

இப்போது அதே ஹால் வாயைத் திறந்துகொண்டு பூபாலனுக்காகக் காத்திருந்தது.

தொழிற்சாலைத் தலைவர் ராகவேந்திரா வழி சொன்னார். "பூபாலன் காரு, எங்க பாவமரிதி, அதான் மச்சான், மாதாப்பூர்ல ஒரு கைரோபிராக்டர்கிட்ட போனாரு. மூணே சிட்டிங். டக், டக், டக். இப்போ ஷட்டில் ஆடறாரு."

வீட்டில் மனைவி வேதவல்லி வேறு சொன்னாள். "ஏனுங்க, முதுக முறிக்கறவங்ககிட்டயெல்லாம் போவேண்டாமுங்க. சபீனாகிட்டப் போலாம். எதிர்வூட்டு அம்மா முட்டிய அவங்கதானே சரி பண்ணுனாங்க? அதுக்கப்பறம் அம்மா சார்மினார் உச்சிக்கு ஓடியே ஏறுனாங்களாமுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான்தான் பொறுப்பு. நான் ஏறியது மருந்துக்கடை மாடியிலிருக்கும் சபீனாவின் கிளினிக் படிகள் இருபத்திரண்டு. ஆனால் அதைத் திருத்த அப்போது நேரம் வாய்க்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் சபீனாவின் தாத்தா வாணியம்பாடியிலிருந்து வந்தவர். அவள் தமிழில் ஆரம்பித்து ஹைதராபாத் இந்தியில் முடிப்பாள். பூபாலனை நடக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆறு வாரம் சார்."

"பதினஞ்சு பதினாறு நாள்ல ஆவாதுங்களா?"

"காய்கூ சார், எதுக்கு இவ்ளோ அவசரம்? உங்க நரம்பு என்ன கம்பெனி மெஷினா, ஸ்விட்ச் போட்டதும் ஓட?" ஒரு தாளை நீட்டினாள். ஐந்து பயிற்சி, நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். "செஞ்சு முடிச்சதும் டிக் போடணும். செய்யலன்னா போட நக்கோ."

தாளைப் பார்த்ததும் பூபாலனுக்கே முகம் மலர்ந்தது. கட்டம் போட்ட தாளை அவனால் நம்பாமல் இருக்க முடியாது. ஆனால் படி இறங்கும்போது ஆறு வாரத்திலிருந்து பதினேழு நாளைக் கழித்துக்கொண்டே இறங்கினான். எப்படிக் கழித்தாலும் மூன்றரை வாரம் குறைந்தது.

சனிக்கிழமை, தலைமை அலுவலகத்தில் கூட்டம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பாலாநகரில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறி, மாதாப்பூர் போனான். உட்கார்ந்தால் வலி என்பதால் வழியெல்லாம் நின்றுகொண்டே போனான்.

கைரோபிராக்டர் சந்திரமோகன் கும்பகோணத்துக்காரர், வெளிநாட்டில் படித்தவர், சாந்தமான மனிதர். வரவேற்பில் பதினெட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுத்தார்கள். பதினோராவது: காலில் மரத்துப்போதல் உண்டா, இல்லையா. முந்தின நாளிலிருந்து பூபாலனின் இடது கால் பெருவிரல் வேறு யாருடையதோ போல இருந்தது. கொஞ்சம்தான். உண்டு என்று போட்டால் டாக்டரிடம் திருப்பி அனுப்புவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவனும் படிவம் தயாரிக்கிறவன்தானே. 'இல்லை' என்று போட்டான். பதினான்காவது, வேறு சிகிச்சை எடுக்கிறீர்களா. அதற்கும் 'இல்லை'.

பத்தொன்பது வருடத்தில் பூபாலன் எழுதிய முதல் பொய்கள் அவை. பேனா நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மேஜையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். முகம் வைக்க ஒரு ஓட்டை. அதன் வழியாகத் தரையும் சந்திரமோகனின் பழுப்பு ஷூவும் மட்டும் தெரிந்தன. "கால்ல மரமரப்பு ஏதும் இல்லையே சார்?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். "இல்லீங்க" என்றது ஓட்டை. பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை.

டக்.

துர்கம் செருவு ஏரியில் இருந்த கொக்கெல்லாம் அந்தச் சத்தத்தில் பறந்தன என்று நான் சொல்வதுண்டு. பூபாலன் அதை மறுப்பதில்லை. அவன் உடம்பில் இருந்த பூட்டு ஒன்று அந்தக் கணத்தில் திறந்தது. எழுந்து நின்றான். நடந்தான். அன்று மாலை கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடி ஏறி வந்தான்.

நான் சமயம் பார்த்து, பரண்மேல் இருந்த பித்தளை அண்டாவை இறக்கித் தரச் சொன்னேன். இறக்கித் தந்தான்.

மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது. அதற்கும் அண்டாவுக்கும் சம்பந்தமில்லை என்பதே என் நிலை.

அதன்பிறகு அவன் வாழ்க்கை அந்த உடை மாற்றும் அறையாகவே ஆகிவிட்டது. ஒரு கதவு திறந்தால் மற்றது மூடியாக வேண்டும். சிகிச்சைக்குப் பின் இரண்டு நாள் முதுகுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் சந்திரமோகன். ஒருநாள்கூட விடக்கூடாது என்றாள் சபீனா. ஏன் ஓய்வு என்று அவளிடம் சொல்ல முடியாது. ஏன் பயிற்சி என்று இவரிடம் கேட்க முடியாது. வேதவல்லியிடம் எதுவுமே சொல்ல முடியாது. கொஞ்சம் நன்றாக இருந்தால் யாருக்கு நன்றி சொல்வது, மோசமானால் யாரைக் கேட்பது? ஒரே தயாரிப்பில் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எதனால் என்ன ஆனது என்று பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. இதை வருடத்துக்கு இரண்டு தடவை புதியவர்களுக்கு வகுப்பாக எடுக்கிறவன் அவன்.

இரண்டாவது சனிக்கிழமையும் மாதாப்பூர் போனான். மறுபடி அதே கேள்வி, அதே 'இல்லீங்க', அதே டக். இந்தத் தடவை வலியில்லாத அரசாட்சி ஒன்றரை நாள்தான் நீடித்தது.

சோதனை நடக்க வேண்டிய வாரம், புதன்கிழமை காலை. சபீனா அவன் தாளை வாங்கிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"சார், இன்னிக்கி என்ன கிழமை?"

"புதனுங்க."

"உங்க தாள்ல வர்ற ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை எப்டி இருந்திச்சு சார், வெயில் ஜாஸ்தியா?"

பூபாலன் தாளைப் பார்த்தான். அவன் கையால், அவன் நீலப் பேனாவால், வரப்போகும் நான்கு நாளுக்கும் அழகாக டிக் போட்டிருந்தது. எப்போது போட்டோம் என்பதே அவனுக்கு நினைவில்லை.

"எப்படியும் செய்யத்தானுங்க போறேன்..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அந்தக் குரலை அவன் இதற்கு முன் கேட்டிருக்கிறான். மீட்டருக்குப் பக்கத்தில், மூன்று மணிக்கு.

சபீனா சிரிக்கவில்லை. படுக்கவைத்து, இடது பெருவிரலின்மேல் தன் விரலை வைத்து, "தள்ளுங்க" என்றாள். தள்ளினான். "தள்ளுங்க சார்." அவன் தள்ளிக்கொண்டுதான் இருந்தான்.

"அரே... போன வாரம் இப்டி இல்லியே. நடுவுல வேற எங்கியாவது போனீங்களா?"

"இல்லீங்க."

"இன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்டப் போங்க. நாளைக்கி நக்கோ. இன்னிக்கே."

அவன் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மாதாப்பூரில் மூன்றாவது முறை, பதினோரு மணிக்குப் பெஞ்சு. ஒரு டக் ஒன்றரை நாள் தாங்கும். அவனுக்கு வேண்டியது இரண்டரை மணி நேரம். டாக்டரைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். கணக்கு சரியாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை அமீர்பேட்டையில் வண்டி மாற நகரும் படியில் ஏறினான். மேலே வந்து பத்தடி நடந்திருப்பான். பின்னால் ஒரு பெண், "அண்ணா! அண்ணா, செப்பு!" என்று தெலுங்கில் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தான். அவன் இடது செருப்பு படியின் உச்சியில் கிடந்தது. எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

குனிந்து தன் காலைப் பார்த்தான். வெறுங்கால். தரையின் குளிர் அவனுக்குத் தெரியவில்லை. செருப்பு இல்லை என்பதைக்கூட அவன் கால் அவனுக்குச் சொல்லவில்லை.

செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டான். மாட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்க முடிந்தது. அப்படியும் மாதாப்பூருக்கே போனான். வேறு எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மேஜை. ஓட்டை. பழுப்பு ஷூ.

"கால்ல மரமரப்பு ஏதும் இல்லையே சார்?"

ஷூ காத்துக்கொண்டு நின்றது. இல்லை என்றால் இடுப்பில் கை விழும், பதினோரு மணிக்குப் பெஞ்சைத் தாண்டிவிடலாம், அறை அவனுடையது. அந்தக் காலைத் தூக்கி வைக்கும்போது அது எங்கே படுகிறது என்று தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

"இருக்குதுங்க" என்றான்.

"எப்போலேர்ந்து?"

"இங்க வந்த மொத நாள்ல இருந்துங்க."

ஷூ ஓர் அடி பின்னால் போனது. "ஃபார்ம்ல இல்லைன்னு போட்டிருக்கேளே?"

"பொய்ங்க. வேற வைத்தியம் பாக்கலைன்னு போட்டதும் பொய்ங்க. சிந்தால்ல பிசியோதெரபி போய்ட்டிருக்கேன்."

"அவாளுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

ஷூ மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தது. "நல்ல ஆள் சார் நீங்க! ரெண்டு பேரைக் கண்ணைக் கட்டி உங்க முதுகுல விட்டிருக்கேள்."

"பதினோரு மணிக்கு ஒரு டெஸ்ட் இருக்குதுங்க டாக்டர். இன்னிக்கு ஒரே ஒரு தடவ..."

"இன்னிக்கு உங்க முதுகை நான் தொடமாட்டேன். அந்த ஃபார்ம அழகுக்கா வெச்சிருக்கேன்? மெதுவா எழுந்திருங்கோ. முதல்ல உங்க எலும்பு டாக்டர். அப்புறம் அந்தப் பிசியோ நம்பர எனக்குக் குடுங்கோ."

நேராக டாக்டரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் பூபாலன் பதினோரு மணிக்குத் தொழிற்சாலையில் இருந்தான். வராமல் இருந்தால் பதிவேட்டில் வெறும் இடம் விழும், அதை அவனால் பொறுக்க முடியாது. கண்ணாடிக்கு வெளியே ராகவேந்திராவும் சோதிப்பவர் ஒருவரும் நின்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தப் பக்கத்துத் தரை பளபளத்தது. பத்தொன்பது வருடம் பார்த்த தரை. ஒரு நிமிடம் அதையே பார்த்தான். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, இந்தப் பக்கமே எழுந்தான்.

வெளியே வந்து பதிவேட்டைக் கேட்டு வாங்கினான். 'தாண்டவில்லை. இடது காலில் உணர்வு குறைவு. மணி 11.14.' கையெழுத்து.

"ஏமண்டி பூபாலன் காரு," என்றார் ராகவேந்திரா, "ஒரு தடவ ட்ரை பண்ணிப் பாத்திருக்கலாமே?"

"நடந்தத மட்டும் எழுதியிருக்கேனுங்க சார்."

அன்று மதியமே டாக்டரிடம் போனான். இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் கத்தி எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லித் திட்டினார். மாத்திரை, ஓய்வு, அதன்பின் சபீனாவிடம் முதல் நாளிலிருந்து ஆறு வாரம். சந்திரமோகனும் சபீனாவும் தொலைபேசியில் பன்னிரண்டு நிமிடம் பேசிக்கொண்டார்கள். அது அவன் காதில் விழாமல் போனது அவன் அதிர்ஷ்டம். வேதவல்லி பேசியது மட்டும் எங்கள் வீடு வரை விழுந்தது. "ஹெட் ஆபீஸ் மீட்டிங்குங்களா? அங்க உங்க முதுகுக்குத்தான் பேச்சுவார்த்த நடந்துச்சுங்களா?"

பத்தாம் நாள் பேக்கிங் ஹாலுக்குப் போனான். லேபிள் ஒட்டும் மேஜை, பக்கத்தில் ஒரு பதிவேடு, எதிரில் பழனிசாமி. பழனிசாமி நாற்காலியை நகர்த்திப் போட்டான். மதியம் பூபாலன் எண்ணிக்கையை எழுதப் பேனாவை எடுத்தான்.

"மணி இன்னும் ரெண்டு ஆவலைங்க சார்" என்றான் பழனிசாமி.

ஒன்று ஐம்பத்தெட்டு. பூபாலன் பேனாவைக் கீழே வைத்தான். இருவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு நிமிடத்தை அவன் இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில்தான் வாய் வந்தது. "பழனிசாமி, அன்னிக்கு நான் மேல எழுதுனது..."

"அது செரிதானுங்க. நான் பண்ணுனது தப்பு. மறுநாள் ஒரு வார்த்த பேசியிருக்கலாமுங்க, அவ்ளோதான்." லேபிள் கட்டை எடுத்து முன்னால் வைத்தான். "எண்ணுங்க."

மருந்து அறை இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது. அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்து. அதில் தாண்டினாலும் அறை திரும்பக் கிடைக்கும் என்று ராகவேந்திரா வாக்குக் கொடுக்கவில்லை. இடது பெருவிரல் பாதிதான் பூபாலனுடையதாகியிருக்கிறது. சபீனாவின் தாள் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அதில் வெறும் கட்டங்கள் நிறைய. செய்யாததைச் செய்யாததாகவே விட்டிருப்பதில் சபீனாவுக்கு ஏக சந்தோஷம்.

என் வீட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப் பெஞ்சு இருந்தது. ஐந்தாவது வாரம், சபீனா அனுமதி கொடுத்தபின், அதை நடைவழியின் குறுக்கே போட்டுக் கொடுத்தேன். நேற்று மாலை பூபாலன் அதில் உட்கார்ந்தான். வலது கால் அந்தப் பக்கம் போயிற்று. இடது கால் எழும்பி, பெஞ்சின் விளிம்பு வரை வந்து, அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"ஏனுங்க, புடிக்கட்டுங்களா?" என்று வேதவல்லி ஓடினாள். நானும் எழுந்தேன்.

"இருங்க, இருங்க. அந்தத் தாளக் குடு வேதா. பேனா. அம்மா, மணி பாத்துச் சொல்லுங்க."

ஆறு பன்னிரண்டு என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

அந்தக் கட்டத்தில் டிக் போடவில்லை. 'பாதி, 6.12' என்று எழுதினான். எழுதி, மூடியைப் போட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகிய பிறகுதான் எங்களிடம் கையை நீட்டினான்.